முத்தையா அண்ணன் அடைத்த ஓட்டை

நேற்று ஹட்டனில் ஒரு கடைக் கூரைக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார்கள். போனவர் வந்தவரெல்லாம் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தார் வாடை என்றால் முத்தையா அண்ணன்தான்.

அப்போது பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் புது விஞ்ஞான ஆசிரியர். அவர் ஆய்வுகூட உதவியாளர். ஆய்வுகூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள்: இரண்டு மேசை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒழுகும் தகரக் கூரை. மழைக்காலத்தில் அண்ணன் தார்ச் சட்டியோடு கூரைமேல்தான் இருப்பார்.

என் நியமனத்தை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்கக் கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி மெடம் வரவிருந்தார். அசத்திவிட நினைத்து, திருகோணமலைப் பாறைக்கரையில் பொறுக்கிய சிப்பி ஒன்றை மேசையில் வைத்திருந்தேன். கவிழ்த்த கிண்ணம் போலிருக்கும். உச்சியில் சாவித் துவாரம் மாதிரி ஓர் ஓட்டை.

மெடம் கடைசி வாங்கில் அமர்ந்தார். "உச்சியில இருக்கிற ஓட்டையப் பாருங்க" என்று சிப்பியைத் தூக்கினேன். கறுப்பாக ஒரு பொட்டுத்தான் இருந்தது. திருப்பினேன். உள்ளேயும் தார்.

"எங்க சேர் ஓட்டை?" என்றார் மெடம்.

வாசலில் நின்ற அண்ணன் பெருமையாகச் சொன்னார்: "நாந்தாங்க அடைச்சேன். பெரியவங்க வர்ற நேரத்துல ஓட்டையோட இருந்தா நமக்குத்தானே அசிங்கம்?"

வேறு வழியில்லாமல் பாடத்தைச் சொன்னேன். அந்தச் சிப்பிக்குள் இருக்கும் பிராணி பாறையில் ஒட்டி வாழும். மூச்சுவிட்ட தண்ணீரும் கழிவும் அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே போகும்.

"அப்ப கக்கூச அடைச்சிட்டாரா சேர்?" என்றாள் முன்வாங்குப் புஷ்பம்.

வகுப்பே வெடித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "மூச்சையுமாங்க?" என்றார்.

உள்ளே எதுவும் இல்லை, வெறும் சிப்பி என்றேன். அவர் காதில் விழவில்லை. ஓர் ஆணியை ஸ்பிரிட் விளக்கில் பழுக்கக் காய்ச்சித் தாரைக் குத்தினார். அறை முழுக்கப் புகை. மெடம் இருமிக்கொண்டே எழுந்து வந்து, ஆடாமல் இருக்கச் சிப்பியைத் தானே பிடித்துக்கொண்டார். ஓட்டை திறந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். 'செய்முறைக் கற்பித்தல் மிக நன்று' என்று மெடம் எழுதிவிட்டுப் போனார். என் வேலை நிலைத்தது இப்படித்தான்.

ஓய்வுபெற்று மகளோடு கொழும்பு வெள்ளவத்தைக்குப் போன அண்ணன், ஒருநாள் கடற்கரையிலிருந்து எனக்குப் போன் எடுத்தார். "சேர், பாறையில ஒண்ணு உசுரோட இருக்குங்க. தொறந்துதான் இருக்கு. நான் கைவைக்கல."

அண்ணன் இப்போது இல்லை; அந்த நம்பருக்கு எடுத்தால், யாரோ ஒரு பெண் நான் யாரென்று சிங்களத்தில் கேட்கிறாள்.