வேலியோரத்துக் கொப்புள வண்டு

அருங்காட்சியகத்தில் பூச்சி அலமாரிகளைப் பராமரித்துவந்தவருக்கு 'லேபிள்காரர்' என்றுதான் பேர். எங்கே பிடிபட்டது என்று லேபிளில் எழுதாத பூச்சியை யார் கொண்டுவந்தாலும் குப்பைக்கூடைதான். "எங்க புடிச்சதுன்னு தெரியாத வண்டு வெறும் செத்த வண்டுய்யா" என்பார். உயிரோடு யார் கொண்டுவந்தார்களாம்? கேட்டால் முறைப்பார்.

அவருக்கு ஒரே ஒரு குறை. பழைய புத்தகத்தில் படமாக மட்டும் இருந்த, தொட்டால் தோலில் கொப்புளம் கிளப்பும் ஒரு கொப்புள வண்டு இந்த ஊரில் எங்கே வாழ்கிறது என்று இருபது வருஷம் தேடினார். ஞாயிற்றுக்கிழமையைக்கூட விடவில்லை. கண்ணில் படவே இல்லை.

மனைவி இறந்துபோய் நாலு மாசம் கழித்து, சட்டைக்குப் பித்தான் தைக்க அவளுடைய தையல் டப்பாவைத் திறந்தார். நூல்கண்டுக்கு அடியில் ஒரு தீப்பெட்டி. உள்ளே பஞ்சுமேல் ஒரு வண்டு. லென்ஸை எடுத்தார். கறுப்பு இறக்கையில் மூன்று மஞ்சள் பட்டை, நடுப்பட்டை மட்டும் உடைந்து, உணர்கொம்பு நுனி சிவந்து. அட, அதேதான்!

"எங்க புடிச்ச இதை?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். சமையலறையிலிருந்து பதில் வரும் என்று ஒரு நொடி காத்தும் இருந்தார், பாவம். தீப்பெட்டியில் ஒரு எழுத்து இல்லை. அவர் சட்டப்படி அதுவும் குப்பைக்கூடைக்குத்தான் போகணும். மனசு வரவில்லை.

பித்தான் தைக்கும்போது ஊசி விரலில் ஏறியது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று வருஷம் முன்னால் ஒரு சாயங்காலம், விரலெல்லாம் கொப்புளத்தோடு வந்து நின்றாள்.

"எதைத் தொட்டுத் தொலைச்ச?"

"பஸ் ஸ்டாப்புல உங்களுக்காக நின்னுட்டிருந்தேன். அங்க வேலியில..."

முடிக்க விட்டாரா மனுஷன்? "யாரு உன்னை நிக்கச் சொன்னா? நான் என்ன வழி தெரியாத சின்னப் பிள்ளையா?"

அதோடு அவள் பேச்சை விட்டாள். பஸ் ஸ்டாப்புக்கு வருவதையும் விட்டாள். கொப்புள வண்டைத் தேடி ஊரெல்லாம் அலைந்தவர், வீட்டுக்குள் வந்த கொப்புளத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. நிறுத்தத்துக்குப் பின்னால் கம்பிவேலி, அதில் மண்டிய மஞ்சள் பூக்கொடி. பூவுக்கு ஒன்றாக அதே வண்டுகள் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தன. தினமும் அதற்கு முதுகைக் காட்டித்தான் வீட்டுக்கு நடந்திருக்கிறார்.

பெஞ்சில் உட்கார்ந்து லேபிளை எடுத்தார். இடம்: பேருந்து நிறுத்தம், கம்பிவேலி. பிடித்தவர்: என் மனைவி. குறிப்பு என்ற இடத்தில் பேனா நின்றுபோனது. பிறகு, 'கணவனுக்காகக் காத்திருந்தபோது' என்று எழுதினார்.

அந்த இரண்டு வார்த்தையை எழுதி முடிப்பதற்குள் மூன்று பஸ் போய்விட்டது.