மீன் தரை

"நான் கையெழுத்துப் போட்டது வீட்டுக்கு. தரைக்கு இல்ல" என்றார் மேஸ்திரி.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டை விற்று எழுதிக் கொடுத்தாயிற்று. வாங்கியவர் இதை இடித்துவிட்டுக் கடை கட்டப்போகிறார். மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டு, அப்பாவும் அம்மாவும் அவளோடு போய் இருப்பதாக ஏற்பாடு. மழை பெய்தால் இந்த வீட்டுக் கூடத்துக்குள் தண்ணீர் வந்துவிடும். வாசல் படியேறினால் மேஸ்திரியின் முழங்கால் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். மகள் வீட்டில் லிஃப்ட் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர்தான். நாள் நெருங்க நெருங்க மனிதர் அடம்பிடிக்கத் தொடங்கிவிட்டார்.

"அப்பா, விளையாடாதீங்க."

"யாரு விளையாடுறா? தரையைக் கழட்டி எடுத்துட்டு வாங்க. பின்னாலேயே வர்றேன்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

சமையலறை வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவளைத் தெரிந்தவர்கள் அப்போதே உஷாராகியிருப்பார்கள். அவள் வாயை மூடினால் தலைக்குள் கட்டம் போட ஆரம்பித்துவிட்டாள் என்று பொருள். அவள் பெயரே கட்டம்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது, அது ரேஷன் அட்டையோடு சரி. மேஸ்திரியை இழுத்துக்கொண்டு போய்விடலாம், மகளும் மருமகனும் ஆளுக்கொரு கை பிடித்தால் போதும். ஆனால் மனசு இங்கே கிடக்க, உடம்பு மட்டும் லிஃப்டில் ஏறி என்ன பிரயோஜனம்? அவர் தானாக எழுந்து வர வேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டியது.

கட்டம் என்று பெயர் வைத்தது, அவள் வேலை பார்த்த டைல்ஸ் கம்பெனியின் டிசைன் அறை. அடேயப்பா, எப்பேர்ப்பட்ட அறை அது! கம்பெனியிலேயே ஏசி இருந்த ஒரே அறை. ஏசி கம்ப்யூட்டருக்கு, ஆட்கள் இலவச இணைப்பு. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதுவரை கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தவளை, பானை வயிற்றோடு உட்கார்ந்திருந்த அந்தத் திரைக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். முதல் வாரம் மவுஸ் அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவளை அங்கிருந்து எழுப்ப முடியவில்லை.

விஷயம் எளிது. ஒரு சதுரம் போட வேண்டும். இடது பக்கத்தில் எவ்வளவு கடித்து எடுக்கிறோமோ, அதே அளவை வலது பக்கத்தில் ஒட்ட வேண்டும். மேலே கடித்ததைக் கீழே ஒட்ட வேண்டும். சதுரம் கோணிக்கொண்டு என்னென்னமோ ஆகும். ஆனால் ஒன்றை ஒன்று விடாது. ஒரு நாள் மதியம், இப்படிக் கடித்தும் ஒட்டியும் விளையாடியதில் சதுரத்துக்கு வாலும் வாயும் வந்துவிட்டது. பட்டனைத் தட்டினாள். திரை முழுக்க மீன். ஒரு மீனின் வயிறு அடுத்த மீனுக்கு முதுகு, நடுவில் ஓர் ஊசி போக இடம் இல்லை. சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று மாற்றி மாற்றி வண்ணம் நிரப்பினாள். நிரப்பிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "கட்டம் சிரிக்குதுடா" என்று அறையே எழுந்து வந்து பார்த்தது. அந்தச் சந்தோஷம் இன்னொரு முறை அதே ருசியில் கிடைக்கவே இல்லை என்று இன்றைக்கும் சொல்வாள்.

ஒரே ஒரு பாடம் பாக்கி இருந்தது. அதைச் சொல்ல மேஸ்திரி வந்தார். அப்போது அவர் இளந்தாரி, கம்பெனி டைல்ஸைக் கட்டடங்களில் பதிக்கிறவர். அவளுடைய வேறொரு டிசைன் டைலைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்போடு அறைக்குள்ளேயே வந்துவிட்டார்.

"எவன்யா இதை வரைஞ்சது?"

"எவனும் இல்ல. நான்தான்."

ஆளைப் பார்த்ததும் சத்தம் பாதியாகக் குறைந்தது. ஆனால் விஷயத்தை விடவில்லை. "உங்க டிவியில எல்லாம் ஒட்டிக்கிட்டு அழகா நிக்கும்ங்க. தரையில நிக்காது. டைலுக்கும் டைலுக்கும் நடுவுல இடுக்கு வேணும். அங்கதான் சிமெண்ட் பூசணும். சுத்திலும் ஒரு நூல் அளவு குறைச்சு வரைங்க."

அன்று முதல், எந்த வடிவம் வரைந்தாலும் சுற்றிலும் ஒரு நூல் சீவிவிடுவது அவள் கைக்குப் பழகிப்போனது. மூச்சு விடுவதைப் போல, நினைக்காமலே நடக்கும். குறை தீர்ந்த பிறகும் மேஸ்திரி புகார் சொல்ல வந்துகொண்டே இருந்தார். டைல் நன்றாக இருக்கிறது என்பதைக்கூட ஒரு புகார் மாதிரி சொல்வார். அறைக்குப் புரிந்துவிட்டது, அவளுக்குப் புரிய மட்டும் கொஞ்ச நாள் ஆனது.

மீன் டைலை முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. "வால் உடையுதும்மா. பெட்டியில போட்டாலே உடையுது. அதோட, மீன் மேல யாரு நடப்பாங்க?" என்றார். சோதனைக்காகப் போட்ட டைல்ஸ் கம்பெனி முற்றத்தில் வெயிலில் கிடந்தன. அவளும் மேஸ்திரியும் கல்யாணமாகி இந்த வீட்டைக் கட்டியபோது, மேஸ்திரி கேட்டு வாங்கி வந்து கூடத்தின் நடுவில் பதித்தார். ஒரு பெரிய கட்டில் அளவுக்குத்தான் வந்தது. சுற்றிலும் சாதாரணச் சாம்பல் தரை. ஊரில் எத்தனையோ வீட்டுக்குத் தரை போட்ட மனிதர், தனக்கென்று போட்ட தரை அது ஒன்றுதான்.

அதில் ஒரு குறை உண்டு. உள்ளறை வாசலுக்கு நேராக, சிவப்பு மீன் வர வேண்டிய இடத்தில் வெள்ளை மீன் இருக்கும். கடைசிச் சிவப்பை எடுத்துக் கொடுக்கும்போது அவள் கைநழுவிக் கீழே போட்டுவிட்டாள். வால் போயிற்று. வேறு சிவப்பு கிடையாது. சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து அழுதாள். ஆனால் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் மேஸ்திரி என்ன சொன்னார் தெரியுமா? "கண்ணு அசந்துட்டேன். நிறம் மாறி விழுந்துடுச்சு." கூட வேலை செய்த மேஸ்திரிகள் அதைச் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்கில் அவரை ஓட்டினார்கள். நம்ம ஆளுக்குச் சிவப்பும் வெள்ளையும் தெரியாது, விளக்கைப் போடு என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. மகள் நடை பழகியது அந்த மீன்கள்மேல்தான். பிறகு வெள்ளையை மிதிக்காமல் சிவப்பிலிருந்து சிவப்புக்குத் தாவுவது அவள் விளையாட்டாயிற்று. அந்த இடம் வந்ததும் "அம்மா, இங்க பாலம் இல்ல!" என்று கத்துவாள். யாராவது தூக்கி அந்தப் பக்கம் விட வேண்டும்.

இப்போது கட்டம் மகளின் பழைய லேப்டாப்பைத் திறந்தாள். கம்பெனியில் இருந்த மென்பொருள் எந்தக் காலத்திலோ போய்ச் சேர்ந்துவிட்டது. இலவசமாகக் கிடைக்கிற ஒன்றை மகள் இறக்கிக் கொடுத்தாள். பெயர்கள் மாறியிருந்தன, பட்டன்கள் இடம் மாறியிருந்தன, கடித்து ஒட்டுகிற கணக்கு மட்டும் மாறவில்லை. இஞ்ச் டேப்பை எடுத்து வந்து தரையில் குனிந்து ஒரு மீனை, சுற்றியிருந்த சிமெண்ட் கோட்டையும் சேர்த்து, வாயிலிருந்து வால்வரை அளந்தாள். அதே அளவில் வரைந்தாள். பட்டனைத் தட்டினாள். திரை முழுக்க மீன்!

"யாரு கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கிறே?" என்றார் மேஸ்திரி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உங்க தரையைக் கழட்டுறேன்."

ஜெராக்ஸ் கடையில் தாளில் எடுத்து, அட்டையில் ஒட்டி, அச்சு வெட்டினாள். கூடத்து ஜன்னல்களின் சிவப்புத் திரைச்சீலை இறங்கியது. வெள்ளை விரிப்புகள் அலமாரியிலிருந்து வந்தன. அச்சை வைத்துக் கோடு போட்டு, கத்தரியால் ஒவ்வொரு மீனாக வெட்டினாள். நிறம் மாறிய இடத்துக்கு இந்த முறை சிவப்பையே வெட்டினாள். இனியாவது அவர் பேர் கெடாமல் இருக்கட்டும்.

"ஜன்னலுக்கு மொட்டை போட்டுட்டியா?" என்றார் மேஸ்திரி. அவள் அடுத்த மீனுக்குக் கோடு போட்டாள். பேச ஆள் கிடைக்காமல் அவர் சானலை மாற்றினார்.

மகள் வீட்டுக்குப் போக வண்டி வர இரண்டு நாள் இருக்கும்போது, மீன்களைச் சேர்த்துப் போர்வையாகத் தைக்கப் பக்கத்துத் தெருத் தையல்காரியை வீட்டுக்கே கூப்பிட்டாள். தையல்காரி இரண்டு மீனை எடுத்தாள், சேர்த்து வைத்தாள், திருப்பினாள், மறுபடி வைத்தாள்.

"அக்கா, தைக்க ஓரம் எங்க விட்டிருக்கீங்க?"

"ஓரமா?"

"துணியில சுத்திலும் ஒரு விரல் கூட விட்டுத்தானே வெட்டணும்? அது தையலுக்குள்ள போயிடுமில்ல. இதுல ஓரமே இல்ல. அது போதாதுன்னு, ரெண்டையும் வச்சா நடுவுல இடைவெளி வேற வருது. எதுக்குக்கா இன்னும் குறைச்சு வெட்டினீங்க?"

கட்டத்துக்குச் சுரீர் என்றது. கைப்பழக்கம்! சுற்றிலும் ஒரு நூல் சீவியிருக்கிறாள். கூட விட வேண்டிய இடத்தில் குறைத்திருக்கிறாள். சிவப்புத் திரைச்சீலையில் இனி வெட்ட ஒரு சாண் இல்லை. எல்லாம் பாழ். தரையில் உட்கார்ந்தவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"நான் ஒரு கூறுகெட்டவ. அவரு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. அதைக்கூட என்னால செய்ய முடியலையே."

டிவி நின்றது. மேஸ்திரி எழுந்து வந்தார். குவியலிலிருந்து ஒரு சிவப்பு மீனை எடுத்து விரலால் ஓரத்தைத் தடவினார். பிறகு சுவரைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, முனகிக்கொண்டே முழங்கால் போட்டு உட்கார்ந்தார். அவர் முழங்கால் போட்டு எத்தனை வருஷமாயிற்று! "என்னங்க, வேணாம், எழுந்திருக்க முடியாது" என்று அவள் பதறினாள். அவர் காதில் வாங்கவில்லை. துணி மீனைத் தரை மீன்மேல் வைத்தார். வால் நுனிவரை கச்சிதமாக உட்கார்ந்தது. சுற்றிலும் சாம்பல் கோடு மட்டும் தெரிந்தது.

"இடுக்கு விட்டு வரைஞ்சிருக்கே. அப்ப இடுக்கு விட்டுத்தான் பதிக்கணும். இதுக்குப் போயா அழுறே?" என்றார். "அந்தப் பழைய சாம்பல் கலர் விரிப்பு இருக்குமே, நைஞ்சுபோய், அதைக் கொண்டா. பசையும் கொண்டா."

விரிப்பு மெலிந்து போயிருந்ததால், விரித்ததும் கீழே இருந்த மீன்கள் மங்கலாகத் தெரிந்தன. அந்தந்த மீன்மேல் அந்தந்தத் துணி மீன். அவர் கை நீட்டுவார், அவள் எடுத்துக் கொடுப்பாள். "சிவப்பு... வெள்ளை... நகத்தால அமுக்காதே, உள்ளங்கையால அமுக்கு." மூலைகளில் அரை மீன் வேண்டிய இடத்தில் கத்தரியால் சரியாக வெட்டிக்கொண்டார். அன்றைக்கு இதே இடத்தில், இதே மனிதர், தலையெல்லாம் சிமெண்ட் தூசியோடு இப்படித்தான் கை நீட்டினார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஓரங்களை நெருக்கித் தைத்து, கீழே ஒரு கம்பளி வைத்துப் போர்வையாக்கித் தருவதாகச் சொன்ன தையல்காரி, வீட்டு வேலையை மறந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

உள்ளறை வாசல் வந்தது. அவள் சிவப்பை நீட்டினாள்.

"வெள்ளை கொடு."

"இல்லைங்க, இந்தத் தடவ சிவப்பு இருக்கு. சரி பண்ணிடலாம்."

"வெள்ளை கொடுன்னா."

"நான் பண்ணின தப்புக்கு நீங்க பேச்சு வாங்கினது போதும். இனிமேலாவது..."

"அடி போடி! அது இல்லைன்னா இது எப்படி நம்ம தரையாகும்? வேற எவனோ வீட்டுத் தரை மாதிரி இருக்கும்" என்றார். அவள் சிவப்பைக் கீழே வைத்துவிட்டு வெள்ளையைக் கொடுத்தாள். அதைப் பதித்துவிட்டு, உள்ளங்கையை அதன்மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

வண்டி வந்த காலையில் வீடு காலியாக இருந்தது. தையல்காரி கொண்டுவந்து கொடுத்த போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே மேஸ்திரி செருப்பை மாட்டிக்கொண்டார். ஒரு கையால் கம்பியைப் பிடித்து மூன்று படியும் இறங்கினார். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, மடியில் போர்வையை வைத்துக்கொண்டார். மகள் நம்ப முடியாமல் அவரையே பார்த்தாள்.

"அம்மா எங்கப்பா?"

மேஸ்திரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். திறந்த கதவுக்கு உள்ளே, வெறும் கூடத்தில், உள்ளறை வாசலுக்கு நேராகக் கட்டம் உட்கார்ந்திருந்தாள். கை தரையில் இருந்தது. இத்தனை நாளும் அவரைக் கிளப்புகிற கவலையில், தானும் கிளம்ப வேண்டும் என்பதை அவள் நினைக்கவே இல்லை.

"ஏய் கட்டம்!" என்று கூப்பிட்டார். மடியில் இருந்ததை உயர்த்திக் காட்டினார்.

"தரை இங்க இருக்கு. நீ அங்க என்ன பண்றே? வா."