மழையில் நின்றுபோன பீலி

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மேலே ஒரு மணி நேரம் நடந்தால் வரும் தோட்டம் ஒன்றில் விஞ்ஞான ஆசிரியையாக இருந்தேன். யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான். மலையில் கிணறு கிடையாது. மலைக்குள்ளிருந்து ஊறி வரும் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கொட்டும், அந்த இடத்தைப் பீலி என்பார்கள். லயம் என்ற வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டத்து மக்கள் குடிப்பதும் குளிப்பதும் அதில்தான்.

அந்த வருடம் வரவேண்டிய மாதங்களில் மழை வரவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பீலி நூலாக இளைத்தது, ஆனாலும் நிற்கவில்லை. பிறகு ஒரு நாள் பிடித்த மழை, பல மாதத்து மழையையும் ஒரே வாரத்தில் கொட்டித் தீர்ப்பதுபோலப் பெய்தது.

ஐந்தாம் நாள் காலை, பாடசாலைக்குப் பிள்ளைகள் அதிகம் வரவில்லை. கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர், என் மாணவியின் தாய், தலையில் பொலித்தீனைப் போர்த்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், மழ இப்புடிக் கொட்டுது, பீலி நின்னுபோச்சு. என்னான்னே புரியல. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

மழையில் தண்ணீர் நிற்குமா? குழாயை இலை அடைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே குடையுடன் போனேன். சுற்றிலும் ஓடைகள் இரைந்து ஓடின. பீலியில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. குச்சியை விட்டுக் குத்திப் பார்த்தோம். அடைப்பு எதுவும் இல்லை.

"இன்னொன்னும் இருக்கு, வாங்க" என்று தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். லயத்தின் கடைசி அறை அது, தொங்கல் காம்பரா என்பார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் கொப்பளித்தது. காலையில் தெளிவாக வந்ததாம். இப்போது செம்மண் நிறம்.

எனக்குக் குழப்பம்தான். ஆனால் அதற்குள் பக்கத்துக் காம்பராக்காரர்களும் கூடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்தவளான எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"இது நல்லதுதானே. மழை பெய்ஞ்சு நிலத்தடித் தண்ணி ஏறியிருக்கு. இனி வீட்டுக்குள்ளயே பீலி" என்று சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

பாடசாலைக்குத் திரும்பிய சற்று நேரத்தில், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு பிள்ளையையும் இழுத்துக்கொண்டு அவர் வந்து சேர்ந்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் டீச்சர். ஆனா மனசு கேக்கல. இங்கன ஒரு ஓரமா இருந்துக்கிறேன்" என்றார்.

அந்த வார்த்தை என்னை உட்காரவிடவில்லை. பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். மழை மண்ணில் இறங்கும், ஊற்றுப் பெருகும் என்றுதான் இருந்தது. மழையில் வற்றும் ஊற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? ஏன் அடுப்படியில் வருகிறது? ஏன் சிவப்பாக வருகிறது? ஒன்றுக்கும் விடை தெரியாமல் மறுபடி குடையை எடுத்தேன்.

லயத்துக்கு மேலே ஏறிப் பார்த்தேன். கயிறு பிடித்து நட்டதுபோல நேராக இருந்த தேயிலை நிரைகள் நடுவில் வளைந்திருந்தன. வளைவுக்கு மேலே, என் கை நுழையும் அகலத்தில் ஒரு வெடிப்பு. மழைத் தண்ணீர் சத்தமே இல்லாமல் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஓடி இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். "நான் பிழையாச் சொல்லிப்போட்டன். எல்லாரும் வெளியில வாங்கோ!"

"இப்பதானே நல்லதுன்னு சொன்னீங்க?" என்றார் ஒருவர், எரிச்சலோடு. நியாயமான கேள்வி.

"தெரியாமச் சொல்லிட்டன். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. தயவுசெய்து வாங்கோ" என்று அழுதேவிட்டேன். என் விளக்கத்தை விட அந்த அழுகையைத்தான் நம்பினார்கள் போலிருக்கிறது. முணுமுணுத்தபடி பிள்ளைகளையும் கையில் அகப்பட்டதையும் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு வந்தார்கள்.

பகல் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். பெரிய லொறி ஒன்று கல் கொட்டியதுபோல ஒரு சத்தம். தொங்கல் காம்பராவும் அடுத்த மூன்று காம்பராக்களும் மண்ணுக்குள் போயின. தொழுவத்தில் கட்டியிருந்த இரண்டு மாடுகளும் போயின. மனிதர்கள் எல்லோரும் பாடசாலையில் இருந்தோம்.

பிறகு பார்க்க வந்த ஓர் அதிகாரி விளக்கினார். நீண்ட வறட்சியில் மண் வெடிக்கும், ஒரேயடியாகப் பெய்யும் மழை அந்த வெடிப்பில் இறங்கும், உள்ளே மண் நகர்ந்தால் ஊற்றின் பழைய வழி மூடிவிடும், தண்ணீர் உள்ளே மண்ணை அரித்துக்கொண்டு வேறு வழி தேடும் என்றார். இப்போதெல்லாம் மழை இப்படித்தான் காலம் தவறிப் பெய்கிறது என்றும் சொன்னார். அந்தப் பீலியில் பிறகு தண்ணீர் வரவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு அவராலும் சொல்ல முடியவில்லை. அடுத்த வருடம் நல்ல மழை பெய்தும், லயத்துப் பெண்கள் குடத்தோடு அடுத்த மலைக்கு நடந்தார்கள்.

அன்று அந்தப் பெண்ணுக்கும் என்னைப்போலவே எதுவும் தெரியாது. ஆனால் அவர் தெரியவில்லை என்பதாலேயே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார், நான் தெரியவில்லை என்பதை மறைக்க, நல்லது என்று சொல்லி ஊரையே உள்ளே இருக்கவிட்டேன். இந்த வித்தியாசத்தை நினைக்கும்போதெல்லாம், இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு உடம்பு கூசுகிறது.