பருந்தின் மூன்று புள்ளிகள்

எங்கள் அம்மா வேலை செய்யும் கம்பெனியில் அவளுக்குப் பருந்து என்று பெயர். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு நரம்பு வழியாக ஏற்றுகிற உப்புநீரைக் கண்ணாடி பாட்டிலில் அடைக்கும் கம்பெனி அது. மூடி போட்ட பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து வரும். அம்மா ஒவ்வொன்றையும் எடுத்துக் கவிழ்த்து, லேசாகச் சுழற்றி, விளக்குக்கு நேரே பிடிப்பாள். கறுப்புப் பலகைக்கு முன்னால் ஐந்து நொடி, வெள்ளைப் பலகைக்கு முன்னால் ஐந்து நொடி. கறுப்பில் கண்ணாடித் தூள் மின்னும். வெள்ளையில் அழுக்கும் நாரும் தெரியும். ஏதாவது தெரிந்தால் பாட்டில் சிவப்புத் தட்டுக்குப் போய்விடும். பதினான்கு வருஷமாக இதே வேலை.

"தண்ணிக்குள்ள எறும்பு தும்மினாக்கூட உங்கம்மா கண்டுபிடிச்சிடும்" என்று பக்கத்து சீட் அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, முதல் பாட்டிலிலேயே மூன்று கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. அடுத்ததிலும் மூன்று. அதற்கடுத்ததிலும். சிவப்புத் தட்டு நிறைந்து வழிந்தது. "கழுவுற எடத்துலேருந்து நார் வருது" என்று அம்மா வரிசையை நிறுத்தும் மணியை அடித்துவிட்டாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் இன்னொருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். சொன்னது பருந்தாயிற்றே! யாரும் ஒரு பாட்டிலைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. கழுவும் மிஷினை அரை நாள் நிறுத்தி, வடிகட்டியைக் கழற்றி மாற்றினார்கள். கழுவும் பிரிவுக்காரருக்கு எல்லோர் முன்னாலும் திட்டு விழுந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், கை கழுவப் போன அம்மா வெள்ளைச் சுவரை நிமிர்ந்து பார்த்தாள். சுவரிலும் அதே மூன்று புள்ளிகள். கண்ணைத் திருப்பினால் அவையும் கூடவே திரும்பின. இடது கண்ணை மூடினால் காணாமல் போயின.

நார் பாட்டிலில் இல்லை, தன் கண்ணுக்குள் இருக்கிறது என்று தெரிந்த அந்த நிமிஷத்தில் குழாயை மூடக்கூட மறந்து நின்றதாக அம்மா பின்னால் சொன்னாள். ஆனால் அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? ஒரு மனிதர் தன்னால் திட்டு வாங்கியிருக்கிறார். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. சில வருஷங்களுக்கு முன், பழைய மேலாளர் காலத்தில், அதே வரிசையில் இருந்த ஒருவர் கை நடுங்குகிறது என்று ஆபீசில் போய்ச் சொன்னார். அடுத்த வாரம் அவருடைய நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார்.

இப்போது இருக்கும் ஷிப்ட் மேற்பார்வையாளர் ஒரு பெண். அம்மாவைவிட வயதில் சின்னவர். ஒரு நிமிஷத் தாமதத்தைக்கூட விடமாட்டார் என்பதால் 'கறார் மேடம்' என்று பெயர். அவர் வந்ததும் சுவரில் ஒரு தாள் ஒட்டினார். உடம்புக்கோ மனசுக்கோ வீட்டிலோ ஏதாவது தொந்தரவு என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், வேலை போகாது, சம்பளம் குறையாது என்று எழுதியிருந்தது. எல்லோரும் படித்தார்கள். யாரும் நம்பவில்லை. "மாலை போட்டுக் கூப்பிட்டா ஆடு தானா போய் நிக்குமா?" என்று பக்கத்து சீட் அக்கா சிரித்தாளாம். அம்மாவும் கூடச் சிரித்தாளாம்.

அதன் பிறகு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். "என் மூணு புள்ளியைக் கழிச்சிட்டு மிச்சத்தைப் பார்த்தேன்" என்று பின்னால் சொன்னாள். அந்தத் தண்ணீர் நேராக ஒருவருடைய ரத்தத்தில் கலப்பது. அது அம்மாவுக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் புள்ளிகள் பெருகின. கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டியது. செவ்வாய்க்கிழமை காலை, அடுக்களையில் டம்ளருக்குப் பக்கத்தில் மேடைமேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் என் காலில் சொட்டிய பிறகுதான் நிறுத்தினாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லடி. ஏதோ யோசனை."

"கண்ணு தெரியலையா?"

அவள் என் வாயைப் பொத்தினாள். வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை. அப்பா லாரி ஓட்டுகிறவர், போய் ஐந்து நாளாகியிருந்தது. இருந்தும் வாயைப் பொத்தினாள். அவள் உள்ளங்கை சில்லென்று இருந்தது. "இடது பக்கம் கதவைப் பாதி சாத்தின மாதிரி இருக்கு. யார்கிட்டயும் மூச்சு விடாதே. அடுத்த மாசம் கம்பெனியில கண் டெஸ்ட் இருக்கு. அது முடியட்டும்."

கண் டெஸ்ட் அட்டையின் கடைசி வரி எழுத்துகளை அவள் ஏற்கனவே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் கறார் மேடம். அம்மா முகத்தில் ஈயாடவில்லை. "வேலை போச்சு" என்று என் காதில் முணுமுணுத்தாள்.

கறார் மேடம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, நீங்க ஒரு நாளைக்கு ஒதுக்குறது பதினஞ்சு, இருபது பாட்டில். போன வாரம் திங்கக்கிழமை நூத்திப்பத்து. இப்ப ஒரு வாரமா நாலு, மூணு. அந்த நூத்திப்பத்தையும் நானே உக்காந்து பார்த்தேன். ஒண்ணுலகூட நார் இல்ல. பாட்டில் மாறலை அக்கா. நீங்க மாறியிருக்கீங்க."

"தூக்கம் சரியில்ல மேடம்."

"தூக்கம் மட்டும்தானா?"

"ஆமா மேடம். வேற என்ன? நல்லாத்தான் இருக்கேன். தண்ணி குடிங்க."

அம்மா டம்ளரை எடுத்து வந்து, அவருக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் வைக்கப் போனாள். ஸ்டூலின் இடது ஓரத்துக்கு வெளியே வைத்தாள். டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. நானும் மேடமும் அது உருளும் திசையைப் பார்த்தோம். அம்மா எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

டம்ளரை எடுக்கக் குனிந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இடது கண்ணுல பாதி இருட்டு மேடம். நேத்து காலையிலேருந்து. அதுக்கு முன்னாடி புள்ளி. வடிகட்டியில ஒண்ணுமே இல்ல, அந்தண்ணன் பாவம். இந்த ஒரு வாரமா நான் சரின்னு அனுப்பினது..."

"அது ஒண்ணும் குடோனை விட்டு வெளிய போகலை. ரெண்டு நாளா நிறுத்தி வச்சுத் திரும்பப் பார்க்கிறோம். மூணு பாட்டில்ல தூள் இருந்துச்சு. அதை அப்புறம் பேசலாம். செருப்பைப் போடுங்க."

"எங்க?"

"கண் ஆஸ்பத்திரிக்கு. வாசல்ல ஆட்டோ நிக்குது."

வரும்போதே நிறுத்தி வைத்திருக்கிறார்! அம்மா ஒரு காலில் என் செருப்பையும் இன்னொரு காலில் தன் செருப்பையும் மாட்டிக்கொண்டு ஏறினாள். வழியெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். இறங்கிப் பார்த்தால் நகத்தடம் பதிந்திருந்தது.

கண்ணுக்குள் இருக்கும் விழித்திரை கிழிந்து உரிந்துகொண்டிருக்கிறது என்றார் டாக்டர். "நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கு. ரெண்டு நாள் தள்ளியிருந்தா நான் எதுவும் சொல்லியிருக்க முடியாது. இப்பவும் முழுசா வரும்னு சொல்லலை." அன்று மத்தியானமே ஆபரேஷன்.

கண்ணுக்குள் அடைத்த வாயு விழித்திரையை அழுத்திப் பிடிப்பதற்காக, அதன் பிறகு பத்து நாள் அம்மா தலையைக் கவிழ்த்தே இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் கவிழ்ந்து, தூங்கும்போதும் குப்புற. "மாமியாருக்கே தலை குனியாதவ நான். ஒரு கண்ணு என்னைக் குனிய வச்சிடுச்சே" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். நான் சிரித்தேன். அவள் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அழுகிறாளா, மருந்தா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. குணமாகும்வரை சம்பளத்தோடு விடுப்பு, பிறகு லேபிள் பிரிவில் அதே சம்பளத்தில் வேலை, கண் தேறினால் பழைய சீட். தினமும் மூன்று தடவை என்னை வாசிக்கச் சொல்வாள். 'பழைய சீட்' வந்ததும் "நிறுத்து, அதைத் திரும்பப் படி" என்பாள். ஒரு நாள், "கையெழுத்து இருக்கா பாரு" என்றாள். இருக்கிறது என்றேன். "நல்லாப் பாரு" என்றாள்.

ஏழாவது வாரம் கறார் மேடம் வந்தார். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். "டெஸ்ட் இல்லக்கா. சும்மா பாருங்க."

அம்மா அதைத் தொடவே பயந்தாள். பிறகு ஜன்னலோரம் போனாள். என் கறுப்புத் துப்பட்டாவைப் பின்னால் பிடிக்கச் சொன்னாள். வலது கண்ணை மூடி, பாட்டிலைக் கவிழ்த்துச் சுழற்றினாள். ஐந்து நொடி. வெள்ளைத் துண்டைப் பிடித்தேன். ஐந்து நொடிக்கு மேலேயும் போனது.

"கண்ணாடித் தூள். ஒண்ணு. கழுத்துகிட்ட" என்றாள்.

கறார் மேடம் தலையாட்டினார். அது சரியான பதில் என்று எனக்குப் புரிந்தது. அம்மா அத்தோடு பாட்டிலைக் கொடுத்திருக்கலாம். பழைய சீட் அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் கொடுக்கவில்லை. இன்னொரு முறை சுழற்றிப் பார்த்தாள்.

"ரெண்டு கறுப்புப் புள்ளியும் தெரியுது மேடம். அது பாட்டில்ல இல்ல. என்னோடது."

கறார் மேடம் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். "திங்கக்கிழமை லேபிளுக்கு வாங்க அக்கா" என்றார்.

அம்மா பாட்டிலை ஸ்டூலின் மேல் வைத்தாள். வைப்பதற்கு முன்னால் இடது கையால் ஓரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.