ஓடிக்கொண்டிருந்த வண்டி

எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்து ஆணியில் இரண்டு மஞ்சள் காதடைப்பான்கள் தொங்குகின்றன. பந்தயக் கார் ஓட்டுபவர்கள் இரைச்சலுக்குப் பயந்து செருகிக்கொள்வது. தொலையாமலிருக்க அம்மா இரண்டையும் சிவப்புப் பட்டு நூலால் இணைத்துக் கட்டியிருந்தாள். பெட்ரோல் கார்ப் பந்தயங்களில் ஓட்டிய காலமெல்லாம் அது அண்ணன் கழுத்தில்தான் கிடந்தது. மின்சார டூரிங் கார் பந்தயத் தொடர் புதிதாக ஆரம்பித்த வருஷம், முதல் பயிற்சி முடிந்து இறங்கியவன் அதைக் கழற்றி என் கையில் போட்டான். "நீயே வச்சிக்கோ பாப்பா. இது வண்டியே இல்ல, எழவு வீடு மாதிரி கம்முனு இருக்குது."

அண்ணன் ஓட்டிய பந்தய அணியில் பேட்டரியைப் பார்த்துக்கொள்வதும், ஓடும்போது வயர்லெஸ்ஸில் அண்ணனோடு பேசுவதும் என் வேலை. ரோட்டில் போகிற சாதாரணக் கார்தான். எஞ்சினை எடுத்துவிட்டு மோட்டார் வைத்துப் பந்தயத்துக்குத் தயார்செய்தது. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அண்ணன் கண்ணாடியை இறக்கி, "ஆன்ல இருக்குதா, ஆஃப்ல இருக்குதா?" என்று கேட்பான். மெக்கானிக்குகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது அப்போது.

நாங்கள் பெரிய காஞ்சிபுரத்தில் தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவர்கள். விடிந்ததிலிருந்து தறிச் சத்தம். அது எங்கள் காதில் விழவே விழாது, நின்றால்தான் விழும். நின்ற மறுநொடி அம்மா அடுப்படியிலிருந்து, "இன்னாப்பா, நின்னுடுச்சா? இழை அறுந்துச்சா?" என்று குரல் கொடுப்பாள். தூங்குகிற பிள்ளைகூட விழித்துக்கொள்ளும். சத்தம் போனால் ஏதோ அறுந்துவிட்டது, ஓடிப்போய்ப் பார். இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தாய்ப்பாலோடு வந்தது.

போகப் போக அண்ணனுக்கு அந்த வண்டி பிடித்துவிட்டது. "இத்தினி வருஷம் டயர் பேசறதே எனக்குக் கேக்கல பாப்பா. இப்பதான் கேக்குது" என்றான் ஒருநாள், புதுமாப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அந்த டயர்ச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு பந்தயமாக முன்னேறினான். கடைசிப் பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால்தான் அடுத்த வருஷமும் அவனுக்கு வண்டி என்று அணி முதலாளி சொல்லிவிட்டார். அண்ணனுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. இது போனால் வேறு யாரும் கூப்பிடப்போவதில்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கடைசிப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தான். ஒரு வளைவில் பின்னால் வந்தவன் லேசாக இடித்தான். வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, தடத்தின் ஓரத்தில் நின்றது. ஒரு கீறல்தான், வேறொன்றுமில்லை. என் திரையில் எல்லாமே பச்சை. மிதித்தால் போதும், பறந்துவிடும். ஆனால் டயரும் நின்றுவிட்டதே! வண்டிக்குள் ஒரு பொட்டுச் சத்தமில்லை. "நிக்கலண்ணா! ஆன்லதான் இருக்குது, மிதி!" என்று கத்தினேன். அதற்குள் அவன் கட்டைவிரல் பட்டனுக்குப் போய்விட்டது. பெட்ரோல் வண்டியில் எஞ்சின் நின்றால் திரும்பக் கிளப்புகிற பட்டன் இருந்த அதே இடத்தில்தான் இதிலும் பட்டன். உயிரோடிருக்கிற வண்டியில் அதை அழுத்தினால் அணைந்துவிடும். அணைந்தது. திரும்ப அது ஒவ்வொரு விளக்காக ஏற்றிக் கண்விழிப்பதற்குள் வரிசையாக எல்லாரும் கடந்து போனார்கள். வயர்லெஸ்ஸில் அண்ணன், "ஐயோ பாப்பா" என்றான். அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் அந்த வண்டி வேறொருவனுக்குப் போனது. அடிபட்டு, எலும்பு முறிந்து வெளியே வந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். நல்ல வண்டி, நல்ல கை. ஒரு விரல் அசைந்ததில் எல்லாம் போச்சே என்று இன்றைக்கும் எனக்கு வயிறெரிகிறது. அண்ணன் இப்போது வாலாஜாபாத் ரோட்டில் வண்டி ஓட்டக் கற்றுத்தருகிறான். குறை சொல்லிப் புலம்புவதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டாம் வருஷத் தொடரின் முதல் பந்தயத்தை டிவியில் காட்டினார்கள். நான் வேண்டாமென்றேன், அவன்தான் போட்டான். வர்ணனையாளர் வாயைத் திறந்ததும் சத்தத்தை மட்டும் அடியோடு குறைத்துவிட்டான். ஆணியிலிருந்த காதடைப்பானை எடுத்து, அந்தச் சிவப்பு நூலைக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டே பார்த்தான். அவன் போன வருஷம் ஓட்டிய வண்டி மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னாப்பா, சத்தத்தையே காணோம்? நின்னுடுச்சா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நிக்கலம்மா. ஓடிக்கினுதான் இருக்குது."