வாசல் வெளிச்சத்தில் இரண்டு சிவப்பு

ஆரணியில் ஒரு பட்டுக் கடையில்தான் அந்த அம்மாளைப் பார்த்தேன். நரைத்த கிராப்பு, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. இரண்டு சிவப்புச் சேலைகளை ஒரே கையில் சேர்த்துப் போட்டுக்கொண்டு, வாசல் வெளிச்சத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்.

“ரெண்டும் ஒரே செவப்புதாம்மா. எத்தினி வாட்டி எடுத்துகினு போவீங்க? சாயமே வெளுத்துடப் போவுது,” என்றார் கடைக்காரர்.

“தனியா பாத்தா ஒண்ணுதாங்க. பக்கத்துல வெச்சாதான் வித்தியாசம் தெரியும். என் பொழப்பே அதான்.”

என்ன பிழைப்பு என்று கேட்டேன். மீட்டர் என்னும் நீள அளவுக்கு ஆதாரமான லேசர் ஒளியை, அலை நடுங்காமல் காத்துவரும் ஆய்வகம் அவருடையது. அந்த லேசரைத்தான் அன்று வெளிநாட்டு லேசர்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விலகல் அதிகமானால் அவருடைய பல வருட உழைப்பின் மேல் உலகத்துக்கு நம்பிக்கை போய்விடும்.

அவர் சொல்லி முடிக்கும் முன்பே போன் அடித்தது. கேட்கக் கேட்க முகம் இறுகியது.

“நம்ம லேசர் அவ்ளோ தள்ளியா இருக்கு? இல்லீங்க, இப்ப அதுல கை வெக்காதீங்க. நம்மள்த திருத்திட்டு ஒப்பிட்டா, அது ஒப்பிட்டதாவே ஆவாது. வந்தத வந்தபடி எழுதிக் குடுத்துடுங்க.”

குரல் துளியும் பிசகவில்லை. போனை வைத்துவிட்டு மறுபடியும் வாசலுக்குப் போய் நின்றார். கையில் கிடந்த முந்தானைகள் நடுங்கின. காற்று என்றுதான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அன்று ஆரணியில் ஓர் இலைகூட அசையவில்லை.