எக்ஸ்சேஞ்சில் போன மெஷின்

இன்று காலை தெருவில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று போனது. "பழைய மிக்சி, பழைய கிரைண்டர், பழைய தையல் மெஷின் எடுக்கப்படும்." பல் தேய்த்துக்கொண்டிருந்த எனக்கு மூன்றாவதைக் கேட்டதும் வாய் கசந்தது. மிக்சியோடும் கிரைண்டரோடும் எனக்குப் பகை ஒன்றுமில்லை.

தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் என் அக்கா ரோஸ்லினிடம் காலால் மிதித்துத் தைக்கும் மெஷின் ஒன்று இருந்தது. அத்தான் படுக்கையில் விழுந்த பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான். அந்த மெஷினுக்கு வராத நோயில்லை. மழைக்காலத்தில் தோல் பெல்ட் நீண்டு தொளதொளத்துவிடும். அக்கா ஒரு துண்டு நறுக்கி எறிந்துவிட்டுக் கம்பியால் கோர்ப்பாள். மேல்பலகை ஊறி உப்பியபோது ஒரு பழைய ஜன்னல் கதவை அறுத்துப் பொருத்தினோம். மிதி உடைந்தால் கிரில் பட்டறையில் வெல்டிங். கடைசியில் அதன் உடம்பில் சொந்த உறுப்பு எது என்று அதற்கே தெரிந்திருக்காது.

ஒருமுறை மெஷின் எண்ணெய் தீர்ந்துபோக, தேங்காயெண்ணெயை ஊற்றிவிட்டாள். நம் ஊரில் தலைக்கும் அதுதான், குழம்புக்கும் அதுதான், கதவுக் கீலுக்கும் அதுதான். மார்கழிக் காலையில் பார்த்தால் எண்ணெய் உறைந்து சக்கரம் அசையமாட்டேன் என்கிறது. முற்றத்து வெயிலில் தூக்கி வைத்தோம். எனக்குச் சிரிப்பு.

"ஏலே, என்னத்துக்குச் சிரிக்க? அதுக்கும் குளிருமில்லா."

பிறகு மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினாள். மதியத்துக்குமேல் ஓடியது. சும்மா சொல்லவில்லை, பழுது பார்க்கப் பார்க்கத்தான் ஒரு பொருள் நமக்குப் பழகுகிறது. எங்கே வலிக்கும், எதற்கு அழும் என்று தெரிந்துவிடுகிறது.

அக்கா மகன் ஜோபின் வளைகுடாவுக்குப் போனான். முதல் லீவில் வந்தவனுக்கு அம்மாவின் வீங்கிய காலைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நாகர்கோவிலிலிருந்து கரண்டில் ஓடும் புது மெஷின் வந்தது. பட்டனைத் தொட்டால் பூப்போடும். பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார்கள்.

"ரெண்டும் கெடக்கட்டும் மக்கா," என்றாள் அக்கா.

"எந்தக் காலத்துல இருக்கிய?" என்றான் அவன். பாசத்தில் சொன்னதுதான். பாசத்தை எதிர்த்து யார் பேசுவது?

இரண்டு வருஷம் கழித்து ஐப்பசியில் ஒரு இடி விழுந்தது. நம் ஊர் இடியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெஷின் அத்தோடு அடங்கிப்போனது. உள்ளே போர்டு போய்விட்டது, அந்த மாடலுக்கு இப்போது போர்டு வருவதில்லை, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள் கடையில். அக்கா ஒரு ஸ்குரூடிரைவரோடு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எங்கே திறப்பதென்றே அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் ஜோபினின் கம்பெனியும் மூடிவிட்டது. அவனே யாருடைய தயவிலோ ஒரு அறையில் ஒண்டிக் கிடந்தான். அவனிடம் அவள் எதையும் சொல்லவில்லை.

பழையதையாவது மீட்கலாம் என்று நான் கடைக்குப் போனேன்.

"அது அப்பமே ஆக்கர் கடைக்குப் போச்சு அண்ணே. இரும்புக்கு உடைச்சிருப்பாவ," என்றார் அங்கிருந்தவர்.

அக்கா அண்டி ஆபீசுக்குப் போகத் தொடங்கினாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரல்களைப் பொத்துப்போக வைத்துக் கறுப்பாக்கிவிடும். எந்தச் சோப்புக்கும் அது போகாது.

போன மாதம் நான் அங்கே இருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். கோயிலில் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். கவுன் தைக்க வெள்ளைத் துணி கொண்டுவந்திருந்தாள். தன் நாத்தனார் மெஷினை இரவல் வாங்கித் தருவதாகவும் சொன்னாள். அக்கா கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ரெடிமேட் வாங்கிக்க மக்கா. வெள்ளத் துணியில்லா, நான் தொடப்பிடாது."

அந்தத் தெருவில் இப்போது தையல் சத்தம் கிடையாது. சத்தம் போனால் போகட்டும். என் அக்கா வெள்ளைத் துணியைத் தள்ளி நின்று பார்க்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.